முகநூலைப் பார்த்துத்தான் என்னை விலக்கினார்களா?

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதியிருக்கும் தம்பியின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வந்தாறுமூலையில் கலைப் பட்டம் முடித்த இவர், மட்டக்களப்பு நகரில் இயங்கும் அரச சார்பற்ற நிறுவனம் ஒன்றின் வெளிக்கள உத்தியோகத்தர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறார். எழுத்துப் பரீட்சையில் தேறினார், நேர்முகப் பரீட்சையும் நன்றாகவே நடந்தது, ஆனால் அழைப்புக் கடிதம் வரவில்லை. பிறகு அங்கே வேலை செய்யும் நண்பர் ஒருவர், "உன்ட பேஸ்புக்கப் பார்த்திருக்காங்கடா" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் அம்பாறையில் இன்னொரு நேர்முகப் பரீட்சை இருக்கிறது. அதற்கு முன்னர் கணக்கையே அழித்துவிடலாமா என்பதுதான் அவர் எழுத்தில் கேட்டிருப்பது. ஆனால் அந்தக் கேள்விக்குள் வேறு மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. தொழில்தருநர்கள் உண்மையிலேயே பார்க்கிறார்களா, பார்த்தது அவர்களுடைய முடிவை மாற்றுகிறதா, அப்படி மாற்றுவது நியாயமா என்பவையே அவை. இவற்றுக்குப் பதில் சொல்லாமல், அழி என்றோ அழிக்காதே என்றோ சொல்வது பொறுப்பாகாது.

நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்புக்கு வந்த நிறுவனங்களில் ஒன்றில் மனிதவளப் பிரிவு உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் கல்முனைப் பக்கத்தில் ஒரு நிதி நிறுவனத்திலும், இப்போது மீண்டும் மட்டக்களப்பிலும் ஆட்சேர்ப்பு வேலையையே செய்து வருகிறேன். மேசையின் அந்தப் பக்கம் அமர்ந்து நூற்றுக்கணக்கான விண்ணப்பதாரிகளைப் பார்த்திருக்கிறேன். அரச நியமனங்களின் உள்வேலை எனக்கு நேரடியாகத் தெரியாது. கொழும்பிலுள்ள பெரிய கம்பனிகளில் நடப்பதையும் சக உத்தியோகத்தர்களின் வாய்வழியாகவே அறிவேன். ஆகவே ஆய்வுகள் நிறுவியவற்றையும் நான் கண்ணால் கண்டவற்றையும் என் ஊகங்களையும் கலந்துவிடாமல் எழுத முயல்கிறேன்.

முதல் கேள்விக்குத் தயக்கமின்றிப் பதில் சொல்லலாம்: பார்க்கிறார்கள். ஆனால் நீங்கள் நினைப்பதுபோல ஒரு முறையான பரிசோதனையாகப் பார்ப்பதில்லை. எங்கள் மாவட்டங்களில் இதற்கென எழுதப்பட்ட நடைமுறையை வைத்திருக்கும் நிறுவனத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை. நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாள் இரவு, குழுவில் ஒருவர் சுயவிபரக் கோவையைப் பிரித்து வைத்துக்கொண்டு கைப்பேசியில் பெயரைத் தட்டிப் பார்ப்பார். அல்லது விண்ணப்பத்திலுள்ள தொலைபேசி இலக்கத்தைச் சேமித்ததும் வட்ஸ்அப்பில் உங்கள் படம் தானாகவே வந்து நிற்கும். இந்த இரண்டாவது வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முகநூலை இறுகப் பூட்டி வைத்திருக்கும் பிள்ளைகள்கூட, நேர்முகப் பரீட்சைக்கு நேரம் குறித்து அனுப்பும் இலக்கத்துக்குத் தங்கள் முகப்புப் படத்தையும் அதன் கீழுள்ள வாசகத்தையும் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதற்கு இலங்கைக்குரிய நம்பத்தக்க எண் எதையும் நான் கண்டதில்லை. இணையத்தில் அடிக்கடி சுற்றிவரும் எண் ஐக்கிய அமெரிக்காவுக்குரியது. கெரியர்பில்டர் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் 2018இல் நடத்திய கருத்துக்கணிப்பில், தொழில்தருநர்களில் 70 சதவீதமானோர் விண்ணப்பதாரிகளின் சமூக ஊடகத்தைப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அங்கே கண்ட ஏதோ ஒன்றினால் ஒருவரைச் சேர்க்காமல் விட்டதாக, அப்படிப் பார்ப்பவர்களில் 57 சதவீதமானோர் சொன்னார்கள். இவை கேட்டதற்குச் சொன்ன பதில்கள் மட்டுமே. அமெரிக்க ஆய்வாளர்கள் அலெஸ்ஸான்ட்ரோ அக்குவிஸ்டியும் கிறிஸ்டினா ஃபோங்கும் உண்மையான தொழில்தருநர்களுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி, அந்தப் பெயர்களை யார் தேடினார்கள் என்று அளந்து பார்த்தபோது, தேடியவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்டவர்களே என்று மதிப்பிட்டார்கள். வாயால் சொல்வதற்கும் கையால் செய்வதற்கும் இடையில் இவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனது அனுபவத்தில், சில ஆட்களே தேவைப்படும் பதவிகளுக்கும் பணமோ பிள்ளைகளோ சம்பந்தப்பட்ட பதவிகளுக்கும் பார்ப்பது அதிகம். ஐம்பது பேரை ஒரே நாளில் எடுக்கும் தொழிற்சாலைக்குப் பார்க்க நேரமே இருப்பதில்லை.

பார்த்தது முடிவை மாற்றுகிறதா என்பது அடுத்த கேள்வி. மாற்றக்கூடும் என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. பெல்ஜியத்தில் ஸ்டைன் பாயர்ட் என்ற பொருளியலாளர், தகைமையில் வேறுபாடில்லாத விண்ணப்பங்களை அனுப்பி, அவற்றுக்குரிய முகநூல் கணக்குகளில் முகப்புப் படத்தை மட்டும் மாற்றி வைத்தார். 2018இல் வெளியான அந்த ஆய்வில், மிகச் சாதகமான படத்துக்கு, மிகப் பாதகமான படத்தைவிட ஏறத்தாழ 21 சதவீதம் அதிகமாகச் சாதகமான பதில்கள் வந்தன. பிரான்சில் கணக்காளர் பதவிகளுக்கு நடந்த இன்னொரு பரிசோதனை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அங்கே கற்பனை விண்ணப்பதாரிகளின் சுயவிபரக் கோவையில் எந்த வேறுபாடும் இல்லை. முகநூலில் மட்டும் ஒருவரின் சொந்த ஊர் பிரான்சின் ஒரு சிறு நகரம் என்றும், மற்றவரின் சொந்த ஊர் மொரோக்கோவின் மராகேஷ் என்றும் இருந்தது. மராகேஷ்காரருக்கு அழைப்புகள் கணிசமாகக் குறைந்தன. ஆய்வு நடந்துகொண்டிருக்கையில் முகநூல் தன் பக்க அமைப்பை மாற்றி, அத்தகைய விபரங்கள் முதல் பார்வையில் படாதபடி உள்ளே தள்ளிவிட்டது. உடனே அந்த இடைவெளியும் மங்கிப்போனது. ஆழ்ந்து ஆராய்ந்து எடுத்த முடிவாக இருந்திருந்தால் ஒரு சொடுக்கு அதிகமானதற்காக அது மாறியிருக்காது. போகிற போக்கில் கண்ணில் பட்டதே ஒருவருடைய வேலையைத் தீர்மானித்திருக்கிறது.

நான் மேலே சொன்ன அமெரிக்க ஆய்வு 2020இல் முழுமையாக வெளியானது. 4,000க்கும் மேற்பட்ட தொழில்தருநர்களுக்கு விண்ணப்பங்கள் போயின. ஒருவர் கிறிஸ்தவர் என்றோ முஸ்லிம் என்றோ சமூக ஊடகத்தில் மட்டுமே தெரியும்படி வைத்திருந்தார்கள். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில் வேறுபாடு பெரிதாக இல்லை. குடியரசுக் கட்சிக்கு ஆதரவு மிகுந்த பகுதிகளில் முஸ்லிம் விண்ணப்பதாரிக்கு அழைப்புகள் தெளிவாகவே குறைந்தன. ஆனால் இதை அப்படியே எங்கள் மண்ணுக்குக் கொண்டுவருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே மதம் தெரிய முகநூல் தேவைப்பட்டது. இங்கே பெயரைப் பார்த்தாலே தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்று தெரிந்துவிடுகிறது. அதற்கு மேலும் நாங்கள் சுயவிபரக் கோவையில் இனம், சமயம், திருமண நிலை, தகப்பன் பெயர், கிராம சேவகர் பிரிவு என்று எல்லாவற்றையும் கேட்காமலே எழுதிக் கொடுக்கிறோம். அடையாள அட்டை இலக்கத்தின் முதல் ஏழு இலக்கங்களை வைத்துப் பிறந்த திகதியையும், ஆணா பெண்ணா என்பதையும் கணித்துவிடலாம். ஆகவே எங்கள் மாவட்டங்களில் சமூக ஊடகம் புதிதாகக் கொண்டுவருவது இனத்தையோ மதத்தையோ அன்று. அது கொண்டுவருவது வேறு சில விடயங்களை. அதை ஒரு சம்பவத்தால்தான் விளக்க முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன், வெளிக்கள இணைப்பாளர் பதவி ஒன்றுக்கு மூவர் கொண்ட குழுவில் இருந்தேன். கொழும்பிலிருந்து வந்திருந்த திட்டப் பொறுப்பாளர், நல்ல மனிதர், இரண்டு விண்ணப்பதாரிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் தன் கைப்பேசியை எங்கள் பக்கம் திருப்பி, "அடுத்து வரப்போகிறவர் குடிப்பழக்கம் உள்ளவரா?" என்று கேட்டார். படத்தில் ஓர் இளைஞர், மேலுடம்பில் துணியில்லை, இடுப்பில் சிவப்புப் பட்டு, முடி கலைந்து, கண்கள் பாதி செருகி, இரண்டு பேர் அவரைத் தோளில் பிடித்துத் தாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு ஒரு பார்வை போதும். கையில் வேப்பிலை இருந்தது. முகமெல்லாம் மஞ்சள் நீர். பின்னால் கும்பமும், உடுக்குடன் நிற்கும் பூசாரியான கட்டாடியாரின் பாதி உருவமும். அம்மன் கோயில் சடங்கில் அந்தப் பிள்ளைக்குத் தெய்வம் வந்து ஆடிய வேளை அது. பல நாள் விரதம் இருந்து, மச்சம் மாமிசம் தொடாமல் நிற்பவனைத்தான் அந்தப் படம் குடிகாரனாகக் காட்டியிருந்தது. படத்தைப் போட்டவரும் அவர் அல்லர். யாரோ ஒரு கூட்டாளி போட்டு, அவர் பெயரை இணைத்துவிட்டிருந்தார். நான் விளக்கினேன், பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டார், நேர்முகப் பரீட்சை நடந்தது, அந்த இளைஞர் தெரிவானார்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த மேசையில் எங்கள் ஊர்ச் சடங்கு தெரிந்த ஒருவர் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது ஒரு கவலை. விண்ணப்பதாரி கதவுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெளிந்திருக்கும், ஆனால் கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அதைவிடப் பெரிய கவலை என்னைப் பற்றியது. படத்தைச் சரியாக வாசித்தவன் நான் என்று சற்றுப் பெருமைப்பட்டேன். ஆனால் அந்தக் கோயில் எது, அங்கே யாருக்கு என்ன உரிமை, எந்தக் குடியை, அதாவது எந்தத் தாய்வழிக் குலத்தைச் சேர்ந்தவர்கள் அந்த இடத்தில் நிற்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மட்டக்களப்பில் கோயிலும் குடியும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை இங்கே பிறந்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. சுயவிபரக் கோவையில் எந்த மூலையிலும் இல்லாத ஒரு விடயத்தை, நான் அறிந்திருக்கவே கூடாத ஒரு விடயத்தை, அந்தப் படம் ஒரு நொடியில் எனக்குச் சொல்லிவிட்டது. வெளியூரார் தவறாக வாசித்தார், உள்ளூர்க்காரன் அளவுக்கு மீறி வாசித்தேன். இரண்டுக்கும் அந்த இளைஞர் செய்யவிருந்த வேலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

அப்படியானால் சமூக ஊடகத்தைப் பார்ப்பதால் நல்ல ஊழியரை இனங்காணவாவது முடிகிறதா? மேலாளர்கள் பலர் "ஆளைத் தெரிந்துகொள்ளலாம்" என்று உறுதியாக நம்புகிறார்கள். இதைச் சோதித்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது, சாட் வான் இடெகிங்கும் அவருடைய சகாக்களும் 2016இல் வெளியிட்டது. வேலை தேடிக்கொண்டிருந்த 416 பல்கலைக்கழக மாணவர்களின் முகநூல் பக்கங்களை, ஆட்சேர்ப்பில் அனுபவமுள்ளவர்களுக்குக் காட்டிப் புள்ளியிடச் சொன்னார்கள். பின்னர் வேலையில் சேர்ந்தவர்களின் மேற்பார்வையாளர்களிடம் அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கேட்டார்கள். அந்தப் புள்ளிகளுக்கும் வேலைத் திறனுக்கும் தொடர்பே இருக்கவில்லை. வேலையை விட்டுப் போவார்களா என்பதையும் அவை காட்டவில்லை. ஆனால் பெண்களுக்கும் வெள்ளையினத்தவருக்கும் புள்ளிகள் சற்றுக் கூடியிருந்தன. திறமையைக் காட்டாமல் சார்பை மட்டும் கொண்டுவந்த ஓர் அளவுகோல் அது.

மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. 2012இல் க்ளெம்பர் என்பவரும் சகாக்களும், முகநூல் பக்கத்தைச் சில நிமிடங்கள் பார்த்த பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் ஒருவரின் ஆளுமையை ஓரளவு ஒத்த விதமாக மதிப்பிட முடிந்ததாகவும், அது வேலைத் திறனோடு ஓரளவு பொருந்தியதாகவும் கண்டார்கள். ஆனால் அவர்கள் சிறிய எண்ணிக்கையானோரை, குறித்த கேள்விகளை வைத்துக்கொண்டு, ஒழுங்காக மதிப்பிட்டார்கள். முதல் நாள் இரவு படுக்கையில் கிடந்து பெயரைத் தட்டிப் பார்ப்பது அதுவன்று. ஆகவே என் நிலைப்பாடு இது: முறையாகச் செய்தால் ஏதாவது பயன் கிட்டுமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு, நாங்கள் இங்கே செய்கிற விதத்தில் பயன் கிட்டும் என்பதற்குச் சான்று இல்லை.

இனி, நான் செய்த தவறு ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. நிதி நிறுவனத்தில் இருந்தபோது கணக்கு உதவியாளர் பதவிக்கு ஒரு பெண் வந்தார். எழுத்துப் பரீட்சையில் அவருக்கே கூடிய புள்ளி. குழுவில் ஒருவர் அவருடைய முகநூலில் நிச்சயதார்த்தப் படங்களைக் கண்டுவிட்டார். மாப்பிள்ளை கட்டாரில் இருக்கிறார் என்று படத்தின் கீழிருந்த வாழ்த்துகளிலிருந்து ஊகித்தார். "ஆறு மாதத்தில் போயிடுவா" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதாக வந்தவரைத் தெரிவுசெய்தோம். கோப்பில் நான் என் கையால் எழுதிய காரணம் "போதிய அனுபவமின்மை" என்பது. அந்தப் பெண் பின்னர் என்னவானார் என்று எனக்குத் தெரியாது. போனாரா, போகவில்லையா என்பது இங்கே பொருளும் அல்ல. அவரிடம் கேட்கப்படாத ஒரு கேள்விக்கு, அவர் சொல்லாத ஒரு பதிலை வைத்து முடிவெடுத்தோம். அதற்குக் கோப்பில் ஒரு தடயமும் இல்லை. சமூக ஊடகம் ஆட்சேர்ப்பில் செய்யும் தீங்கு அங்கேதான் இருக்கிறது. நேர்முகப் பரீட்சையில் தவறான கேள்வி கேட்டால் விண்ணப்பதாரியாவது அதைக் காதால் கேட்கிறார். கைப்பேசியில் பார்த்தால் அவருக்குத் தெரிய வருவதேயில்லை. தம்பி, உங்களுக்கு ஒரு நண்பர் இருந்ததால் நீங்கள் அறிந்தீர்கள். பெரும்பாலானோருக்கு அதுவும் இல்லை.

பார்க்கப்பட்டது உங்கள் கணக்குத்தானா என்பதும் நிச்சயமில்லை. எங்கள் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு; ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் எழுதுகிறார்கள். காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ, அக்கரைப்பற்றிலோ கல்லாற்றிலோ ஒரே பெயரில் பத்துப் பேரைக் காணலாம். ஒரு முறை, விண்ணப்பதாரி என்று எண்ணி வேறு ஓர் ஊர்க்காரரின் பக்கத்தை வைத்துக்கொண்டு எங்கள் குழு பத்து நிமிடம் பேசியது. விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்தோடு ஒப்பிட்ட பிறகே பிழை தெரிந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும், பார்க்கவே கூடாது என்று நான் வாதிடவில்லை. வேலையோடு நேரடியாகத் தொடர்புடைய சில விடயங்கள் பொதுவெளியில் கிடக்கும்போது அவற்றைப் புறக்கணிக்க முடியாது. நீங்கள் கேட்டிருக்கும் பதவியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். மாரி காலத்தில் வெள்ளம் வந்து சனங்கள் பாடசாலைகளில் தங்கியிருக்கும்போது தொண்டர்களாகப் போகிறவர்கள், உலர் உணவுப் பொதியைக் கையில் கொடுத்து, வாங்கும் தாயின் முகமும் பிள்ளையின் முகமும் தெரியப் படமெடுத்து, ஊரையும் பெயரையும் எழுதிப் போடுகிறார்கள். போட்டவருக்கு அது சேவையின் சாட்சியாகத் தோன்றலாம். ஆனால் சிறுவர் பாதுகாப்புக் கொள்கை உள்ள ஒரு நிறுவனத்தில் ஆட்சேர்ப்புச் செய்பவருக்கு, உதவி பெறுபவரின் மானத்தையும் தனியுரிமையையும் இவர் எப்படி மதிக்கிறார் என்ற கேள்வி எழுவது நியாயம். வாடிக்கையாளரின் கடன் விபரத்தைப் பொதுவில் எழுதிய நிதி உத்தியோகத்தர், இன்னொரு சமூகத்தவரை இழிவுபடுத்திப் பதிவிட்ட ஆசிரியர் ஆகியோரும் அப்படியே. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் இந்த மாவட்டங்களில் அந்த மூன்றாவது விடயம் சிறியதன்று. 2018இல் அம்பாறை நகரில், உணவில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற ஒரு வதந்தி முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கும் அளவுக்குப் போனதை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆனால் இவற்றைக் கண்டால் விண்ணப்பதாரியிடம் நேரே கேட்க வேண்டும், பதிலைக் கோப்பில் எழுத வேண்டும்.

நினைவேந்தல் பதிவுகள் பற்றியும் உங்கள் கேள்வியின் ஓரத்தில் ஒரு சொல் இருந்தது. போரில் இறந்துபோன உறவுக்கு விளக்கேற்றிய படம் ஒன்றை, மாவீரர் நாள் வரும் நவம்பர் மாதத்தில் போட்டவர்கள் இங்கே பலர். அத்தகைய பதிவுகளுக்காக எங்கள் மாவட்டத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானவர்களும் உண்டு என்பதால், தொழில்தருநர் ஒருவர் அதைக் கண்டு பயந்து ஒதுங்குவதை நான் கண்டிருக்கிறேன். அவருடைய பயத்தை விளங்கிக்கொள்கிறேன். அந்த முடிவைச் சரியென்று ஏற்கவில்லை. ஒருவருடைய துக்கம் அவருடைய வேலைத் தகைமையைக் குறைப்பதில்லை. எதைப் பொதுவில் வைப்பது, எதை வீட்டுக்குள் வைப்பது என்பதை நீங்களும் உங்கள் குடும்பமுமே தீர்மானிக்க வேண்டும்; வேலைக்காக மறைத்துவிடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரச பதவியை நாடுகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் அறிந்திருங்கள். 2022 செப்டம்பரில் பொது நிர்வாக அமைச்சு, அரச சேவை விதிகள் அடங்கிய தாபனக் கோவையை மேற்கோள் காட்டி, அரச உத்தியோகத்தர்கள் சமூக ஊடகத்தில் கருத்து வெளியிடுவது ஒழுக்காற்று நடவடிக்கைக்குரிய குற்றம் எனச் சுற்றறிக்கை விடுத்தது. அது சேவையில் இருப்பவர்களுக்குரியது, விண்ணப்பதாரிக்கு அன்று.

சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்று கேட்டால், குறைவாகவே வரும் என்பதுதான் என் பதில். நான் சட்டத்தரணி அல்லன் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணமாக வைத்துப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு அரசின் நிருவாக, ஆட்சித்துறைச் செயல்களுக்கு எதிராகவே உயர் நீதிமன்றத்தில் எடுபடும், அதுவும் ஒரு மாதத்துக்குள். தனியார் கம்பனி அதற்குள் அகப்படாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இனத் தோற்றம், அரசியல் கருத்து, மத நம்பிக்கை, உடல்நலம் போன்றவற்றை விசேட வகைத் தரவுகளாக வைத்திருக்கிறது. தரவை எடுப்பவர் எந்த நோக்கத்துக்காக எடுக்கிறார் என்பதற்குக் கட்டுப்படவும் வேண்டும். அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டே வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு 2017இலேயே, ஒரு கணக்குப் பொதுவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் தொழில்தருநர் அதைத் தன் தேவைக்குப் பயன்படுத்தலாம் என்று எண்ணிவிடக் கூடாது, வேலைக்குத் தேவையானதாக இருக்க வேண்டும், விண்ணப்பதாரிக்கு அறிவிக்கவும் வேண்டும் என்று கருத்துரைத்தது. எங்கள் நிறுவனங்களும் இந்த அளவுக்காவது வர வேண்டும் என்பதே என் விருப்பம். கடவுச்சொல்லை யாராவது கேட்டால் மட்டும் எந்தத் தயக்கமும் வேண்டாம், கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலம் 2012இலேயே அதைத் தடைசெய்தது. இங்கே தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், கடவுச்சொல்லைக் கேட்கும் இடத்தில் வேலை செய்வது உங்களுக்கு நல்லதன்று.

கணக்கை அழிப்பது பற்றி இப்போது சொல்லலாம். அழிக்க வேண்டாம். நான் முன்னர் சொன்ன 2018ஆம் ஆண்டுக் கணிப்பில், இணையத்தில் ஆளைக் காணவே முடியாவிட்டால் அழைக்கும் வாய்ப்புக் குறைவு என்று 47 சதவீதமான தொழில்தருநர்கள் சொல்லியிருந்தார்கள். அது அமெரிக்க எண் என்பதால் அதில் சாய்ந்து நிற்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் முகநூல் இல்லாததற்காக யாரையும் விலக்கியதை நான் கண்டதில்லை. என் காரணம் வேறு. ஆறு வருட நட்பும் படங்களும் எழுத்தும் உங்கள் வாழ்க்கையின் பகுதி. முன்பின் தெரியாத ஒருவர் ஐந்து நிமிடம் பார்க்கக்கூடும் என்பதற்காக அவற்றை இழப்பது, வீதியில் போகிறவர் எட்டிப் பார்க்கிறார் என்று வீட்டை இடிப்பதைப் போன்றது. வேலியைச் சரிப்படுத்தினால் போதும். நண்பராக இல்லாத ஒருவரின் கண்ணுக்கு உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்க்கும் வசதி முகநூலிலேயே இருக்கிறது; முதலில் அதைச் செய்யுங்கள். பழைய பொதுப் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே முறையில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றும் வசதியும் உண்டு. மற்றவர்கள் உங்கள் பெயரை இணைக்கும் படங்கள் உங்கள் ஒப்புதலுக்குப் பின்னரே உங்கள் பக்கத்தில் தோன்றும்படி வையுங்கள்; ஆனால் அவை போட்டவருடைய பக்கத்தில் தொடர்ந்து இருக்கும் என்பதால், வேண்டாத படமென்றால் அவரிடம் நேரே சொல்லி எடுக்கச் சொல்வதே வழி. பலரும் மறந்துவிடுவது, செய்திப் பக்கங்களிலும் அரசியல்வாதிகளின் பக்கங்களிலும் கோபத்தில் எழுதிய பின்னூட்டங்களை. உங்கள் கணக்கை எவ்வளவு பூட்டினாலும் அந்தப் பின்னூட்டங்கள் பூட்டப்படுவதில்லை. நான் கண்ட அளவில் மேலாளர்களை உண்மையில் முகம் சுழிக்க வைத்தவை கொண்டாட்டப் படங்கள் அல்ல, இந்தப் பின்னூட்டங்கள்தாம்.

மறைப்பதோடு நிற்காமல், காட்ட வேண்டியதைக் காட்டவும் செய்யலாம். பாசிக்குடா, அறுகம்பை ஹோட்டல்களில் வரவேற்புப் பகுதிக்கோ, வரைகலை, காணொளி வேலைகளுக்கோ போகிறவர்களுக்குத் தங்கள் வேலையைப் பொதுவில் வைத்திருப்பது உண்மையான பயன் தருகிறது. வெளிக்கள உத்தியோகத்தருக்கு அவ்வளவு இல்லை. எப்படியானாலும் சுயவிபரக் கோவையில் எழுதியதும் லிங்க்ட்இனில் எழுதியதும் ஒத்துப்போகட்டும். வேலை செய்த காலத்தில் ஆறு மாத வித்தியாசம் கண்டால், படம் எதுவும் செய்யாத சேதத்தை அது செய்யும். அதோடு, கேட்கப்படாவிட்டால் சமயம், திருமண நிலை போன்றவற்றைச் சுயவிபரக் கோவையிலிருந்தே எடுத்துவிடுங்கள். அடையாள அட்டை இலக்கத்தைத் தெரிவான பிறகு கொடுக்கலாம்.

கடைசியாக, உங்களுடைய அந்தத் தெரிவு. முகநூல்தான் காரணமா என்று என்னாலும் சொல்ல முடியாது, உங்கள் நண்பராலும் சொல்ல முடியாது. பார்த்தார்கள் என்பதும் பார்த்ததால் விலக்கினார்கள் என்பதும் வேறு வேறு. ஒரு பதவிக்குத் தேறிய ஏழு பேர் வந்தால் ஆறு பேர் காரணமின்றியே திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த ஆறு பேரில் நல்லவர்களை நானே பல முறை அனுப்பியிருக்கிறேன். ஆனால் கேட்டுப் பார்க்கலாம். பதவியையும் நேர்முகப் பரீட்சைத் திகதியையும் குறிப்பிட்டு, எதில் குறைந்தேன் என்று அறிய விரும்புகிறேன் என நான்கு வரியில் பணிவாக எழுதுங்கள்; முகநூல் பேச்சை அதில் எடுக்க வேண்டாம், நண்பரின் வேலைக்கு அது ஆபத்து. எல்லோரும் பதில் போட மாட்டார்கள், சிலர் போடுவார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், அரசாங்கத்தினாலோ வெளிநாட்டு அரசினாலோ சர்வதேச அமைப்பினாலோ கணிசமாக நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் அரச சார்பற்ற நிறுவனங்களையும், அந்தச் சேவை தொடர்பான தகவல் அளவில், உள்ளடக்குகிறது. ஆட்சேர்ப்புப் புள்ளிகள் அந்த எல்லைக்குள் வருமா என்பது வாதத்துக்குரியது, அதில் நான் உறுதி தர மாட்டேன். அம்பாறையில் நீங்கள் போகவிருப்பது அரச நிறுவனம் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. தெரிவாகாவிட்டால் உங்கள் சொந்தப் புள்ளிகளைத் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கோருங்கள், 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். அதற்கு முன், இந்த வாரத்திலேயே உங்கள் வட்ஸ்அப் முகப்புப் படத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். அம்பாறையிலிருந்து நேரம் சொல்ல அழைக்கப்போகும் உத்தியோகத்தர் உங்களைப் பற்றி முதலில் காணப்போவது அதைத்தான்.